சாய்ந்த கீற்றும் பல்பர் தகடும்

அந்த அக்கா என்னிடம் முதலில் கேட்டது என் டிரைவிங் லைசென்ஸை. காரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே. ஏற்காட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், தலையில் முக்காடு, இடுப்பில் சாவிக்கொத்து. லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பித் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. கார்ல ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா அப்புறம் யாரைத் தேடறது?”

“எழுவது வருசத்துக் காருங்கக்கா. அதுல காணாமப் போறதுக்கு என்ன இருக்கு?”

“அதத்தானே நீங்க பாக்க வந்திருக்கீங்க?”

அதைத்தான் பார்க்க வந்திருந்தேன்.

எனக்கு வேலை சேலத்தில், ஒரு பம்ப் கம்பெனியில், கம்ப்யூட்டரில் படம் வரைவது. மீதி நேரமெல்லாம் பழைய பந்தயக் கார்கள். கம்பெனிகள் செய்த கார்கள் இல்லை. உலகப் போர் முடிந்தபின் ராணுவம் ஏலம் விட்ட ஜீப், ஓடாத கார், லாரியின் அடிச்சட்டம் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, ஆட்கள் தங்கள் ஷெட்டிலேயே செய்துகொண்ட ஒற்றை ஆள் கார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றுதான். பெயர்ப்பலகை கிடையாது, பட்டியல் கிடையாது. யாரோ ஒருவர் மங்கிய புகைப்படத்தை இணையக் குழுவில் போட்டு ‘இது என்ன?’ என்பார். நாங்கள் முந்நூறு பேர் அடித்துக்கொள்வோம். கண்டுபிடிப்பது பெரும்பாலும் தவறுகளை வைத்துத்தான். கோணலாக விழுந்த வெல்டிங், இடம் மாறிய ஆணி, ஒரு பக்கம் மட்டும் தூக்கலான மூக்கு. நன்றாகச் செய்த கார்கள் எல்லாம் ஒன்று போலவே இருந்து தொலைக்கும்.

அந்தக் குழுவில் எனக்கு ஏற்கெனவே ஒரு களங்கம் உண்டு. கோவைப் பக்கம் ஒரு ஷெட்டில் இருந்த காரை, ஐம்பதுகளில் செய்ததுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். அது ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்காக மாணவர்கள் செய்தது என்று நாலாம் நாள் தெரிந்தது. அந்த மாணவர்களில் ஒருவரே வந்து நன்றி சொன்னார். அதற்குப் பிறகு எந்தக் காரைப் பார்த்தாலும் ‘யார் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள்?’ என்றுதான் முதலில் தோன்றும்.

இந்த அக்காவுக்கு என் நம்பரைக் கொடுத்தவர் எங்கள் கம்பெனிக்கு போல்ட் நட் கொண்டுவரும் வியாபாரி. போனில் அந்த வியாபாரி சொன்ன விஷயம் சிக்கலில்லாதது. அக்காவின் அத்தா, அதாவது அப்பா, நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தபோது, தானே ஒரு பந்தயக் கார் செய்தார். அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. கார் குடோனில் கிடக்கிறது. போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து, “இது எங்க அப்பாவோட கார். எங்க கராஜ்ல செஞ்சது. உங்க அப்பா எங்ககிட்ட ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு, போகும்போது இதையும் ஓட்டிட்டுப் போயிட்டார்” என்று கூறியிருக்கிறார். ஆதாரமாக ஒரு புகைப்படம் இருக்கிறதாம்.

“அத்தா மெட்ராசுக்கு வேலைக்குப் போனது நெசம்” என்றார் அக்கா, குடோன் பூட்டைத் திறந்தபடி. “கார் போனதா அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. அதனால நானும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ‘படத்துல இருக்கறது இந்தக் காருதான்னு வெவரம் தெரிஞ்ச ஆளு சொன்னா எடுத்துட்டுப் போயிக்குங்க’ன்னு சொல்லிப்போட்டேன். காரு போனாக்கூடப் பரவால்லைங்க. எங்கத்தா திருடிட்டு வந்தாருன்னு ஊரு பேசுமில்ல? இந்தக் கடைப் பலகையில அவரு பேருதான் இருக்குது.”

கதவு திறந்தது. பெயின்ட் டப்பாக்களுக்கும் பிவிசி பைப்புகளுக்கும் நடுவில் அது நின்றது. சுருட்டு மாதிரி நீண்ட அலுமினிய உடம்பு, இடுப்பு உயரம்கூட இல்லை. ஒரே ஒரு இருக்கை. ஓடிப்போய்த் தொட வேண்டும் போலிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டார்ச்சை எடுத்தேன்.

பானெட்டின் இடது பக்கத்தில் சூடு வெளியேற வெட்டிய கீற்றுகள் பதினொன்று. உளியால் கைவெட்டு. ஏழாவது கீற்று மட்டும் சாய்ந்திருந்தது, உளி வழுக்கிய மாதிரி. படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் கீழே படுத்து, சட்டத்தைப் பார்த்தேன். ராணுவ ஜீப்பின் சட்டம்தான். அந்தக் காலத்து ஜீப்பில் நம்பர் குத்தியிருக்கும் இடம் எனக்கு மனப்பாடம். அந்த இடத்தில் கிரீஸ் தடவி, அதன்மேல் தூசி அப்பியிருந்தது. விரலால் துடைத்தேன். பளபளவென்று மின்னியது. எழுபது வருடத்து இரும்பு எங்கேயும் பளபளக்காது. யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள், அதுவும் சமீபத்தில்.

எழுந்து, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“நம்பர் இல்லீங்களே அக்கா.”

“அந்தக் காலத்து வண்டிங்க. துருப் புடிச்சுப் போயிருக்கும்.”

“துரு இப்படி நேர் கோடா புடிக்காதுங்க.”

“அப்ப எலி கடிச்சிருக்கும்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கடைக்குத் திரும்பியதும் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அரங்கள் தொங்கின. தட்டை, உருண்டை, முக்கோணம், எல்லா அளவிலும். நான் அவற்றைப் பார்ப்பதை அவர் பார்த்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

அன்று மலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு முடிவுக்கு வந்தேன். அடிவாரம் வருவதற்குள் இந்த அம்மாதான் நம்பரை அழித்தார் என்பது உறுதியாகிவிட்டது. அழித்தாரென்றால், அப்பா திருடியது அவருக்குத் தெரியும்.

சென்னைக்காரரிடம் போனில் பேசியபோது அவர்மேலும் சந்தேகம் வந்தது. அறுபது வயது தாண்டிய குரல், மரியாதையான பேச்சு. காரை விற்கப்போவதில்லை, வீட்டு முன்னறையில் அப்பாவின் படத்துக்குக் கீழே நிறுத்தப்போகிறேன் என்றார். படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அப்பா ஹெல்மெட்டுடன் காரில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வெட்டவெளி. பானெட்டைக் கழற்றி முன் சக்கரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு துண்டாகத்தான் அனுப்பியிருந்தார், நடுப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. எஞ்சினின் முன்பாதிதான் தெரிந்தது.

“சார், முழுப் படம் வேணும்.”

“நடுவுல பூஞ்சை புடிச்சு நாசமாயிருக்கு தம்பி. புள்ளி புள்ளியா இருக்கும். அதான் கட் பண்ணி அனுப்பினேன்.”

“பூஞ்சையோடவே அனுப்புங்க.”

“ஞாயித்துக்கிழமை நேர்ல கொண்டு வரேனே. ஒரிஜினலை கவர்லேருந்து எடுக்கவே பயமா இருக்கு.”

கவரிலிருந்து எடுக்கப் பயம். சரிதான். எதையோ மறைக்கிறார்.

ஆனாலும் வெட்டிய படமே போதுமானதாக இருந்தது. சக்கரத்தில் சாய்ந்திருந்த பானெட்டைப் பெரிதாக்கினேன். கீற்றுகளை எண்ணினேன். பதினொன்று. ஏழாவது சாய்ந்திருந்தது. என் படத்தையும் அவர் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மலை ஏறினேன். கடையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் பைப் அளந்துகொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்து சொன்னேன்.

“படத்துல இருக்கறது இந்தக் காருதாங்கக்கா.”

அவர் கல்லாவிலிருந்து எழவில்லை. “நெசமாவா?”

“சந்தேகமே இல்ல.”

“அவரு உங்களுக்கு என்ன குடுக்கறேன்னாரு?”

சுருக்கென்றது. “எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கலீங்க. நம்பரை ராவினது யாருன்னு நானும் கேக்கலாமில்ல?”

“அப்ப எங்கத்தா திருடனா?”

“காரு அங்க இருந்துச்சுன்னுதாங்க சொல்றேன்.”

“இருந்துட்டுப் போவட்டும். ஓட்டிட்டுப் போயிருப்பாரு, திருப்பி ஓட்டிட்டு வந்திருப்பாரு. செஞ்சது இங்கதான்.”

“அதுக்கு ஆதாரம்?”

“நான் ஆதாரமில்லையா?” குரல் உடைந்தது. அடுத்த நொடியே சரிசெய்துகொண்டு, “போங்க சாமி, மழை வரப்போவுது. நாளைக்கு அவரு வந்ததும் வந்து உங்க கையால எடுத்துக் குடுங்க” என்றார். டீ வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் குடோனில் நின்றோம். சென்னைக்காரர் வெள்ளைச் சட்டை, சாம்பல் பேண்ட். பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்திருந்தார். கேள்வி இப்போது ஒன்றுதான் என்று நான் இருவருக்கும் சொன்னேன். இதுவும் படத்தில் உள்ளதும் ஒரே கார். அது சென்னை கராஜில் செய்யப்பட்டதா, இந்த மலையில் செய்யப்பட்டதா? மலையில் என்றால் அக்காவின் அத்தா தன் காரைத்தான் திருப்பிக் கொண்டுவந்தார். கராஜில் என்றால், இல்லை.

“நம்பர் பாத்தா தெரிஞ்சிரும்” என்றார் சென்னைக்காரர். வயதை மறந்து குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. “பாத்தீங்களா தம்பி? ராவி விட்டிருக்காங்க. மடியில கனம் இல்லேன்னா எதுக்கு ராவணும்?”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் நான் அவர் பக்கம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், தீர்ப்பை வாய் வரை கொண்டுவந்துவிட்டேன். ஆனால் கோவைக் கார் ஞாபகம் வந்தது.

“சார், முழுப் படத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் தயங்கித் தயங்கி உறையிலிருந்து எடுத்தார். நான் கையில் வாங்காமல் மேலிருந்தே செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். சொன்னது பொய்யில்லை. எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுபவரின் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் மறைப்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அம்மைத் தழும்பு மாதிரி. பாவம் மனிதர், உண்மையிலேயே பூஞ்சை என்று நினைத்துத்தான் வெட்டியிருக்கிறார்.

ஆனால் புள்ளிகள் மறைப்பின் விளிம்போடு நின்றுவிட்டன. வானத்தில் இல்லை, அப்பாவின் தோளில் இல்லை. அதோடு வரிசையாக இருந்தன. பூஞ்சை வரிசையில் முளைக்காது.

“ஓட்டை போட்ட தகடா?” என்று முணுமுணுத்தேன். “விமானத் தகடு ஏதாச்சும் ஏலத்துல…”

அக்கா எட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“ஏந்தம்பி, இவ்வளவு படிச்சிருக்கீங்க, இது தெரியலையா? பல்பர் தகடுல்ல இது?”

“என்ன தகடு?”

“காப்பிப் பழத்துல தோலுரிக்கற மிசினு. உள்ள உருளையில செம்புத் தகடு சுத்தியிருக்கும், குமிழ் குமிழா. நானே வருசத்துக்கு அஞ்சாறு வித்துப்போடறேன். மலையில எந்த எஸ்டேட்டுக்கு வேணுமானாலும் போய்ப் பாருங்க.”

நான் காரைப் பார்த்தேன். பானெட்டைத் தூக்கினேன். மறைப்பு இருந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த சாதாரணத் தகரம்தான் இருந்தது. குமிழ் எதுவுமில்லை. சென்னைக்காரர் “இல்லையே” என்றார், கொஞ்சம் சந்தோஷமாக.

எட்டுத் திருகுகள். அக்கா ஓடிப்போய்க் கடையிலிருந்து ஸ்க்ரூடிரைவரும் எண்ணெயும் கொண்டுவந்தார். அரை மணி நேரம் ஆனது. ஆறாவது திருகில் என் கை வழுக்கி முட்டி தோலுரிந்தது. எட்டாவது வந்ததும் தகரம் தானாகவே முன்னால் சாய்ந்தது. அதன் பின்னால், பச்சை படர்ந்த செம்பு. வரிசை வரிசையாகக் குமிழ்கள். நடுவில் சில வரிசைகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஏதோ ஒரு மிஷினில் பல பருவம் பழம் உரித்த தகடு.

“இங்க கொண்டு வந்த பிறகு வெச்சிருக்கலாம் இல்லையா?” என்றார் சென்னைக்காரர்.

“சார், உங்க படத்துலயே இருக்கே” என்றேன். “உங்க அப்பா உக்காந்திருக்கும்போதே தகடு அங்க இருக்கு. கராஜ்ல செஞ்சிருந்தா, கையில கிடைக்கிற இரும்புத் தகட்டை விட்டுட்டு மலையிலேர்ந்து தேஞ்சுபோன காபி மிஷின் தகட்டை யார் கொண்டு வந்திருப்பா?”

அவர் படத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தேய்ந்த மூன்றாம் வரிசை இரண்டிலும் ஒரே இடத்தில் மங்கியிருப்பதைக் கடைசியில் அவரே விரலால் காட்டினார்.

“எங்கப்பா தானே செஞ்சதாத்தான் சொல்லுவார்” என்றார். “கோழிக்குழம்பு சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார்.”

அப்புறம் அவர் ஒருமுறை அதில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா யோசித்தார்.

“உக்காருங்க. ஓட்டிட்டெல்லாம் போவ முடியாது, எஞ்சின் புடிச்சுக் கெடக்குது.”

அவர் கஷ்டப்பட்டு உள்ளே இறங்கி, ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நான் படம் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு நேரமும் அக்கா பின்சக்கரத்தின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றார். பிறகு சென்னைக்காரர் இறங்கி, உறையை மடித்துக்கொண்டு, “சாரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய டாக்ஸி நாகலூர் ரோட்டு முனையில் திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார்.

“நம்பரை ராவினது நாந்தான்” என்றார், திரும்பாமலே. “அவரு மொதல்ல வந்துட்டுப் போன அன்னிக்கு. நம்பரை வெச்சுத்தான் கேசு போடுவாங்கன்னு நெனச்சுப்போட்டேன்.”

“அது ராணுவ ஜீப்போட நம்பருங்கக்கா. எந்த ஜீப்புன்னு தெரிஞ்சிருந்தா, எஸ்டேட் ஏலத்துல எடுத்ததான்னு பழைய பதிவுல தேடியிருக்கலாம். உங்களுக்குத்தான் சாதகமா இருந்திருக்கும். அழிக்கறதுக்கு முன்னால எழுதியாவது வெச்சீங்களா?”

“அழிக்கறத யாராச்சும் எழுதி வெப்பாங்களா?”

சிரித்துவிட்டோம். அவர் அத்தாவின் பெயர் பிழைத்த சிரிப்பு அது. டீயும் வடையும் வரவழைத்தார். இரண்டு வடை. நான் குழுவுக்கு அனுப்பத் தகட்டை நெருக்கமாகப் படமெடுக்கத் தொடங்கினேன். கீழ் மூலையில் பச்சையைத் துணியால் தேய்த்தபோது ஒரு முத்திரை தெரிந்தது. ஒரு வட்டம், உள்ளே இரண்டு எழுத்து.

“இது என்னங்கக்கா?”

அக்காவின் கையில் டீ கிளாஸ் நின்றது.

“எஸ்டேட் மார்க்கு” என்றார் மெதுவாக. “செம்புன்னா களவு போவுமில்ல? அதனால ஒவ்வொரு எஸ்டேட்டும் தன் தகட்டுல மார்க்குக் குத்தி வெக்கும். தேஞ்சாலும் தகட்டைக் கணக்குக் காட்டித் திருப்பிக் குடுக்கணும். ஃபிட்டரு வெளியில எடுத்துட்டு வரக் கூடாது. மார்க்கு இருந்தா நாங்க காயலாங்கடைச் சாமானாக்கூட வாங்க மாட்டோம்.”

அந்த எஸ்டேட்டின் ஃபிட்டர் யார் என்று இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் வடையைத் தின்றேன். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம் தரையில் கிடந்தது. எட்டுத் திருகு போட்டு, மேலே பெயின்டும் அடித்து, எதற்காக ஒருவர் அவ்வளவு அழகான செம்பை மூடி வைக்க வேண்டும்?

“தேஞ்ச தகடுங்க” என்றார் அக்கா. “தூக்கிப் போட்டிருப்பாங்க.”

“இருக்கும்ங்க.”

“அத்தா கேட்டு வாங்கியிருப்பாரு.”

“கண்டிப்பா.”

“நீங்க என்ன எழுதப் போறீங்க?”

செல்போனில் தட்டி வைத்திருந்ததைக் காட்டினேன். ‘ஏற்காடு மலையில், காபி எஸ்டேட் ஃபிட்டர் ஒருவர் கையால் செய்தது. இடது பானெட்டில் ஏழாவது கீற்று சாய்வு. கால் மறைப்பு, பழைய பல்பர் தகடு. சட்டத்தின் நம்பர் சமீபத்தில் அழிக்கப்பட்டது.’ விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

“அழிச்சத எழுதிக்குங்க. நான் செஞ்சது நான் செஞ்சதுதான். மார்க்கு மட்டும் வேண்டாம் கண்ணு.”

“மார்க்கு இருந்தாத்தானுங்க எந்த எஸ்டேட்ல செஞ்சதுன்னு உறுதியாச் சொல்ல முடியும்? குழுவுல விட மாட்டாங்க.”

“எஸ்டேட்காரங்க வந்து தகட்டைக் குடுன்னு கேட்டா?”

“கழட்டிக் குடுத்துருங்க.”

“கழட்டிக் குடுத்துட்டா, அடுத்து எவனாச்சும் படத்தோட வந்தா எதைக் காட்டறது?”

முத்திரை உள்ள மூலையை விட்டுவிட்டு மற்ற படங்களை மட்டும் குழுவில் போட்டேன். அதில் பாதிப்பேர் இன்றுவரை நம்பவில்லை. கோவை மாணவர் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். முத்திரை உள்ள படம் என் போனில் மட்டும் இருக்கிறது. அது அக்காவுக்குத் தெரியும். அதனாலேயோ என்னவோ, வாரம் ஒருமுறை போன் செய்து “ஏனுங்க தம்பி, நல்லாருக்கீங்களா?” என்று விசாரிக்கிறார்.

போன மாதம் ஏற்காடு போனபோது குடோனைத் திறந்து காட்டச் சொன்னேன். பூட்டு இரண்டாகியிருந்தது. என் லைசென்ஸை மறுபடியும் கேட்டார். கொடுத்தேன். பானெட்டைத் தூக்கினால், செம்பைக் காணோம். கறுப்புத் தகரம் பழையபடி மேலே ஏறியிருந்தது, புதிதாக ஒரு கோட் பெயின்டுடன். திருகுகளைக் குனிந்து பார்த்தேன். எட்டுத் திருகின் தலையையும், எந்த ஸ்க்ரூடிரைவரும் பிடிக்காதபடி, அரத்தால் மழமழவென்று ராவி வைத்திருந்தார்.